அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் எனக்கு வேண்டும்

நான் அதிகம் நம்பும் வாசகர் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பிடித்த புத்தகங்கள் எனக்குப் பெரும்பாலும் பிடிப்பதில்லை. கதையில் ஏதாவது நடந்துகொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. நாற்பது பக்கத்துக்குள் யாராவது சாக வேண்டும், அல்லது வீட்டை விட்டு ஓட வேண்டும், குறைந்தபட்சம் ஒரு கடிதமாவது தப்பான கைக்குப் போய்ச் சேர வேண்டும். "நூறு பக்கம் ஆச்சு, அந்த அம்மா இன்னும் ஜன்னல் பக்கத்துலயே உட்கார்ந்திருக்காங்க, என்னால முடியல" என்று ஒரு நாவலைப் பற்றி எழுதியிருந்தார். அன்றைக்கே அதைத் தேடிப் பிடித்தேன். ஜன்னல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அம்மாதான் எனக்கு வேண்டியவர்.

இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளவில்லை. "அப்போ நான் திட்டுறதெல்லாம் உங்களுக்கு லாபம்னு சொல்லுங்க" என்றார். உண்மைதான். அவர் திட்டினால் நான் வாங்குகிறேன், நான் உருகினால் அவர் தள்ளி வைக்கிறார். இரண்டு பேருக்கும் காசு மிச்சம்.

இணையத்தில் படித்ததைப் பற்றி எழுதுகிறவர்களும் அதைத் தேடிப் படிக்கிறவர்களும் சேர்ந்த கூட்டத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்கள், ஒரே ரசனை உள்ளவர்கள் கூடிக் கும்மாளமிடுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். ஒரே ரசனை இருந்தால் அந்தக் கூட்டம் சீக்கிரமே அலுத்துவிடும். எனக்குத் தேவைப்படுவது, எதிரில் இருக்கும் ஆள் எப்படிப்பட்டவர் என்கிற தெளிவு. எதைப் பார்த்தால் இவர் உருகுவார், எதைப் பார்த்தால் எரிச்சலாவார், எந்த விஷயத்தில் இவர் சொல்வதைக் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துவிட்டால் போதும். நாய் செத்துப்போகும் கதையை நேர்மையாக மதிப்பிடவே முடியாத ஒருவரை எனக்குத் தெரியும். நாய் உயிரோடு இருக்கும் கதைகளில் அவர் கணிப்பு கச்சிதம்.

அதனால்தான் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்கிற கணக்கு எனக்கு உதவுவதே இல்லை. முகம் தெரியாத ஆயிரம் பேர் கொடுத்த நட்சத்திரங்களைக் கூட்டி வகுத்தால் வரும் எண், யாருடைய கருத்தும் இல்லை. பாதிப் பேர் கொண்டாடி மீதிப் பேர் வெறுத்த புத்தகமும், எல்லோரும் சும்மா தலையாட்டிய புத்தகமும் அங்கே ஒரே மூன்று நட்சத்திரத்தில் போய் நிற்கும். நான் முதலில் படிக்க விரும்புவது அந்தச் சண்டை மூட்டிய புத்தகத்தை.

இந்த வாசகர்கள் எழுதுவதில் எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். கதையை முதலிலிருந்து கடைசி வரை சொல்லிவிட்டு "அனைவரும் படிக்க வேண்டிய நூல்" என்று முடிப்பவர்களைத் தாண்டிப் போய்விடுவேன். பின்னட்டையே அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. எனக்கு ஒருவர் பாதியில் மூடி வைத்த புத்தகங்களைப் பற்றி எழுதுவது பிடிக்கும். எந்த இடத்தில் மூடினார், ஏன் மூடினார் என்பதில் அந்தப் புத்தகத்தைப் பற்றி எவ்வளவு தெரிகிறதோ, அதே அளவு அவரைப் பற்றியும் தெரிந்துவிடும். அப்புறம் மறுவாசிப்புகள். இருபது வயதில் அழ வைத்த நாவலை நாற்பது வயதில் திரும்ப எடுத்து, கதாநாயகனின் அம்மா பக்கம் நின்று படித்துவிட்டு வருகிறவர்கள் எழுதுவதை ஒன்று விடாமல் படிப்பேன்.

இந்தக் கூட்டத்தின் உச்சம் என்றால் அது கூட்டு வாசிப்புதான். ஏற்பாடு எளிமையானது. பெரிய புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, வாரத்துக்கு இத்தனை அத்தியாயம் என்று பிரித்து, எல்லோரும் ஒரே வேகத்தில் படித்து, அந்தந்த வாரப் பகுதியைப் பற்றி மட்டும் பேசுவது. சட்டம் ஒன்றே ஒன்று: முன்னால் படித்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் திறக்காமலே காட்டிக்கொடுப்பவர்கள் உண்டு. "அந்த மாமாவை உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கா? ம்ம்" என்று ஒருவர் கேட்டார். அந்த 'ம்ம்'முக்குப் பிறகு மாமா வரும் ஒவ்வொரு பக்கத்தையும் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டே படித்தேன். மாமா செத்தார்.

அது ஒரு பெரிய ரஷ்ய நாவல். ஒவ்வொரு ஆளுக்கும் சொந்தப் பெயர், அப்பா பெயர் சேர்ந்த பெயர், செல்லப் பெயர், குடும்பப் பெயர் என்று நாலு பெயர். தனியாகப் படித்திருந்தால் எத்தனை பேர் அந்தக் கதையில் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரிந்திருக்காது. கூட்டத்தில் ஒருவர் முதல் வாரமே பெயர் அட்டவணை போட்டுக் கொடுத்தார். யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரை எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள், அந்தப் பெயருக்குத் தாவினால் அங்கே கோபமா கொஞ்சலா என்பது வரை. பெயர் மாறும் இடத்தில் உறவும் மாறுகிறது என்பதை அந்த அட்டவணையை வைத்துக்கொண்டுதான் கவனிக்கக் கற்றேன்.

இன்னொருவர் கணக்குத் தணிக்கை வேலையில் இருப்பவர். நாவலில் வரும் பிரபுக் குடும்பத்தின் வரவையும் செலவையும், ஆசிரியர் போகிற போக்கில் சொன்ன தொகைகளையெல்லாம் பொறுக்கியெடுத்து ஒரு தாளில் எழுதிக் கூட்டியிருந்தார். "இவங்க மூணாவது அத்தியாயத்துலயே திவால் ஆயிட்டாங்க. இவங்களுக்குத்தான் தெரியல" என்றார். குடும்பம் உடைந்து விழுவது அதற்கு நானூறு பக்கம் தள்ளி. அவர் சொன்ன பிறகு, அந்த நடுவில் வரும் ஒவ்வொரு விருந்தும், ஒவ்வொரு புதுக் குதிரையும் வேறு மாதிரி தெரிந்தது. படித்த பேராசிரியர்கள் அந்த நாவலைப் பற்றி எவ்வளவோ எழுதியிருப்பார்கள். ஆனால் எனக்கு அதைத் திறந்து காட்டியது தணிக்கைக்காரரின் கூட்டல்தான். மரணப் படுக்கைக் காட்சி வந்தபோது, செவிலியராகப் பல வருடம் இருந்த ஒரு அம்மா எழுதினார்: மூச்சு வாங்கும் விதமும், நடுவில் திடீரென்று வரும் அந்தத் தெளிவும் அப்படியே சரி, ஆனால் கடைசியில் பேசும் அந்த நீளமான வசனம் மட்டும் நடக்காது. எழுத்தாளர் எங்கே பார்த்து எழுதினார், எங்கே ஆசைப்பட்டு எழுதினார் என்று அவர் ஒரு கோடு போட்டுவிட்டார். அதற்குப் பிறகு எந்த நாவலில் யார் செத்தாலும் அந்தக் கோட்டைத் தேடுகிறேன்.

கூட்டு வாசிப்பில் பாதிப் பேர் நடுவில் காணாமல் போவார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் வாரம் கூட்டம் நெரியும். போர்க்கள அத்தியாயங்கள் தொடங்கியதும் ஆள் குறையும். கடைசியில் மிஞ்சுகிற சிலருக்கு நடுவே ஒரு விசித்திரமான நெருக்கம் வந்துவிடுகிறது. அவர்களில் ஒருவர் என்ன வேலை பார்க்கிறார் என்று எனக்கு இன்னமும் தெரியாது. ஆனால் எந்தக் கதாபாத்திரத்தை அவரால் மன்னிக்கவே முடியவில்லை என்று தெரியும்.

இன்னொரு வகை சேர்ந்து படித்தல் உண்டு. இதில் ஒரே புத்தகத்தைப் படிக்க வேண்டியதில்லை, ஒரே ஆண்டைப் படிக்க வேண்டும். இங்கிலாந்தைச் சேர்ந்த இரண்டு வாசகர்கள் 2015 அக்டோபரில் இதைத் தொடங்கினார்கள். முதலில் எடுத்துக்கொண்ட ஆண்டு 1924. அந்த ஆண்டில் வெளிவந்த எந்தப் புத்தகமானாலும் சரி, எந்த மொழியானாலும் சரி, எந்த வகையானாலும் சரி, அந்த வாரத்தில் படித்து எழுதலாம். அதற்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், ஒவ்வோர் ஆண்டாக எடுத்துப் படிக்கிறார்கள்.

கேட்க விளையாட்டுபோல இருக்கும். ஆனால் 1924-ஐயே பாருங்கள். இந்தியாவில் நடக்கும் இ. எம். ஃபார்ஸ்டரின் நாவல் அந்த ஆண்டு. காசநோய் விடுதியில் மனிதர்கள் படுத்துக்கொண்டே உலகத்தை விவாதிக்கும் தாமஸ் மன்னின் பெரிய நாவலும் அந்த ஆண்டு. ஏ. ஏ. மில்ன் குழந்தைகளுக்காக எழுதிய முதல் கவிதைத் தொகுப்பும் அதே ஆண்டு. இலக்கிய வரலாற்றுப் புத்தகத்தில் இவை மூன்றும் வேறு வேறு அத்தியாயத்தில் இருக்கும். ஒரு வாரத்துக்குள் மூன்று பேர் இந்த மூன்றையும் பற்றி எழுதும்போதுதான், இவை ஒரே புத்தகக்கடையின் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்திருக்கக்கூடியவை என்பது உறைக்கிறது.

ஆண்டு எது என்பதிலேயே சண்டை வரும். அதுவும் நல்ல சண்டை. ரஷ்ய எழுத்தாளர் யெவ்கேனி ஸமியாத்தின், எதிர்காலத்தில் நடக்கும் தன் 'வீ' (நாங்கள்) நாவலை ரஷ்ய மொழியில்தான் எழுதினார். சோவியத் தணிக்கை விடவில்லை. அது முதன்முதலில் புத்தகமாக வந்தது 1924-ல், நியூயார்க்கில், ஆங்கில மொழிபெயர்ப்பில். அவருடைய சொந்த நாட்டு வாசகர்கள் வெளிப்படையாக அதைப் படிக்க 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படியானால் அந்த நாவலுக்கு வயது என்ன? நான் 1924 கட்சி. எழுத்தாளரின் மொழியில் இல்லாவிட்டாலும், முதல் வாசகர் கையில் கிடைத்த நாள்தான் பிறந்தநாள் என்பது என் பிடிவாதம்.

வேகமாகப் படிப்பதில் எனக்குக் கொஞ்சமும் மதிப்பு இல்லை. வருடத்துக்கு இத்தனை புத்தகம் என்று இலக்கு வைத்துக்கொண்டு, டிசம்பரில் மெலிந்த புத்தகங்களாகத் தேடி எண்ணிக்கையை நிரப்புகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். அப்படி இருந்தும் இருபத்து நான்கு மணி நேர வாசிப்பு மாரத்தானைப் பற்றி மட்டும் என்னால் கிண்டல் செய்ய முடியவில்லை. டூயி என்ற பெயரில் எழுதிவந்த ஒரு வாசகி 2007 அக்டோபரில் அதைத் தொடங்கினார். உலகம் முழுக்க ஒரே கணத்தில் ஆரம்பம். ஒருவருக்கு அது காலை, இன்னொருவருக்கு மாலை, மற்றொருவருக்கு நள்ளிரவு. எவ்வளவு முடியுமோ அவ்வளவு படிக்கலாம், தூக்கம் வந்தால் தூங்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

என்னைக் கவர்ந்தது படிப்பவர்களின் பக்கம் இல்லை. அன்றைக்குப் படிக்காமல், படிப்பவர்களை உற்சாகப்படுத்துவதற்கென்றே பெயர் கொடுத்துக்கொண்டு வரும் ஒரு கூட்டம் அங்கே உண்டு. ஒவ்வொருவரிடமும் போய், எந்தப் புத்தகத்தில் இருக்கிறீர்கள், கண் எரிகிறதா, எழுந்து ஒரு நடை போய்விட்டு வாருங்கள் என்று இரண்டு வரி எழுதுவார்கள். தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து செய்கிற காரியத்துக்குக் கைதட்ட ஆள் வருவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. டூயி அடுத்த ஆண்டே, 2008-ல், இறந்துவிட்டார். சக வாசகர்கள்தான் அந்த மாரத்தானை ஏற்று, அவர் பெயரையே அதற்கு வைத்துப் பல வருடங்கள் நடத்தினார்கள்.

இப்படிப் படிப்பவர்களின் ஆர்வத்துக்கு வெளியுலகில் ஏதாவது பலன் உண்டா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பலன் இல்லாவிட்டாலும் எனக்குப் பரவாயில்லை. ஆனால் இருக்கிறது. மெய்தல் ராட்சின்ஸ்கி என்ற வாசகி, தான் படிக்கும் மொழிபெயர்ப்புகளில் பெண் எழுத்தாளர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினார். ஆங்கிலத்துக்கு வந்த மொழிபெயர்ப்பு இலக்கியத்தில் பெண்கள் எழுதியது அப்போது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2014-ல் அவர் ஆகஸ்ட் மாதத்தை மொழிபெயர்ப்பில் பெண்களுக்கான மாதம் என்று அறிவித்தார். ஒரு தனி வாசகி அறிவித்தால் யார் கேட்பார்கள்? கேட்டார்கள். வாசகர்கள் பட்டியல் போட்டார்கள், நூலகங்களும் புத்தகக்கடைகளும் ஆகஸ்டில் தனி அலமாரி வைத்தன. 2017-ல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகம் இதே குறையைச் சொல்லி, மொழிபெயர்ப்பில் வரும் பெண் எழுத்தாளர்களுக்கென்று ஒரு பரிசைத் தொடங்கியது.

எனக்கு அதைவிடப் பிடித்த கதை வினிஃப்ரெட் வாட்சனுடையது. இங்கிலாந்துக்காரர், 1906-ல் பிறந்தவர், மொத்தம் ஆறு நாவல்கள் எழுதினார். 1938-ல் வந்த 'மிஸ் பெட்டிக்ரூ லிவ்ஸ் ஃபார் எ டே' ஒரே ஒரு நாளில் நடக்கும் கதை. வேலை இல்லாத நடுத்தர வயது ஆசிரியை ஒருவர், வேலைவாய்ப்பு நிலையம் தப்பாகக் கொடுத்த முகவரிக்குப் போய், ஒரு இரவு விடுதிப் பாடகியின் வாழ்க்கைக்குள் விழுந்துவிடுகிறார். நன்றாக விற்றது. ஹாலிவுட் படமாகவும் வர இருந்தது. 1941-ல் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்கியதும் அது நின்றுபோனது. வாட்சன் 1943-க்குப் பிறகு நாவல் எதையும் வெளியிடவில்லை. குடும்பம், பிள்ளை என்று வாழ்க்கை வேறு பக்கம் போனது. புத்தகம் அச்சில் இல்லாமல் போயிற்று.

ஆனால் படித்தவர்கள் மறக்கவில்லை. மறக்கப்பட்ட பெண் எழுத்தாளர்களை மறுபதிப்பு செய்வதற்கென்றே 1999-ல் தொடங்கப்பட்ட பெர்செஃபனி பதிப்பகத்தின் கவனத்துக்கு ஒரு வாசகி அதைக் கொண்டுபோனார். 2000-ல் மறுபதிப்பு வந்தது. அந்தப் பதிப்பகத்தின் எல்லாப் புத்தகத்துக்கும் அப்போது ஒரே சாம்பல் நிற அட்டை. அட்டைப் படம் பார்த்து யாரும் வாங்க வழியிருக்கவில்லை. ஒருவர் சொல்லி இன்னொருவர், இன்னொருவர் சொல்லி மற்றொருவர் என்றுதான் போக முடிந்தது. அப்படித்தான் போனது. அந்தப் பதிப்பகத்தின் அதிகம் விற்கும் புத்தகங்களில் ஒன்றானது, 2008-ல் படமாகவும் வந்தது. வாட்சன் 2002-ல் காலமானார். ஆனால் தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு, புதிய வாசகர்கள் தன் புத்தகத்தைத் தேடிப் படிப்பதை உயிரோடு இருந்து பார்த்தார். அதை நினைக்கும்போதெல்லாம், யாரும் படிக்காத பழைய புத்தகம் ஒன்றைப் பற்றி யாராவது எழுதினால் உடனே படிக்க வேண்டும்போலத் தோன்றுகிறது.

எல்லாம் இப்படி இனிமையாகவே இருக்கிறது என்றால் பொய். பதிப்பகங்கள் இலவசமாக மதிப்புரைப் பிரதி அனுப்பத் தொடங்கியதும் சிலருடைய குரல் மாறியது. எல்லாப் புத்தகமும் 'தவறவிடக் கூடாதது' ஆகிவிட்டது. யாரும் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். இலவசமாக வந்த புத்தகத்தைத் திட்ட நாக்கு வருவதில்லை, அவ்வளவுதான். விளம்பரங்களையும் நுகர்வோர் பாதுகாப்பையும் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2009 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகளில், இலவசமாகப் பெற்றதைப் பற்றி எழுதினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சேர்த்தது. அப்போது பலர் கொதித்தார்கள். நாளிதழ் விமர்சகர்களுக்கும் புத்தகம் சும்மாதானே வருகிறது, எங்களை மட்டும் ஏன் கேட்கிறீர்கள் என்று. வாதத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் எனக்கு அந்த ஒரு வரி வேண்டும். அதைவிட, அதே ஆள் சொந்தக் காசில் வாங்கி ஏமாந்த புத்தகத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறாரா என்று பார்ப்பேன். அது இருந்தால் மற்றதை நம்பலாம்.

இன்னொரு சிக்கல், எழுத்தாளர்களும் இதே கூட்டத்தில் இருப்பது. நேற்று வரை கூடப் படித்தவர் இன்றைக்குத் தன் முதல் நாவலோடு வருகிறார். எல்லோரும் வாழ்த்துகிறார்கள். அப்புறம் ஒரு நீண்ட அமைதி. அந்த அமைதியே விமர்சனம் என்று எழுதியவருக்கும் தெரியும், படித்தவர்களுக்கும் தெரியும். ஜன்னல் அம்மாவைத் திட்டிய என் நண்பர் மட்டும் ஒருமுறை, "முதல் பாதி எனக்கானது, இரண்டாம் பாதியில் நீங்க அவசரப்பட்டுட்டீங்க" என்று நேரடியாகவே எழுதினார். கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு அந்த எழுத்தாளர் தன் அடுத்த கையெழுத்துப் பிரதியை முதலில் அவருக்குத்தான் அனுப்பினார் என்று கேள்விப்பட்டேன்.

புதிதாக வருகிறவர்கள் யாரைப் பின்தொடரலாம் என்று என்னைக் கேட்பதுண்டு. பெயர் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே நீங்கள் படித்து, தெளிவான அபிப்பிராயம் உள்ள இரண்டு மூன்று புத்தகங்களைப் பற்றி ஒருவர் எழுதியிருப்பதைத் தேடிப் படியுங்கள். ஒத்துப்போகிறதா என்று பார்க்காதீர்கள். நீங்கள் கவனித்த ஒன்றை அவரும் கவனித்து, ஆனால் வேறு முடிவுக்கு வந்திருக்கிறாரா என்று பாருங்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். படித்துவிட்டு அவருக்கு ஒரு வரி எழுதவும் மறக்க வேண்டாம். 'அருமை' என்று வேண்டாம். எந்தப் பக்கத்தில் நீங்கள் அவரோடு முரண்படுகிறீர்கள் என்று எழுதுங்கள். நன்றாக எழுதிக்கொண்டிருந்த சிலர் காணாமல் போனதற்குக் காரணம் பாராட்டு கிடைக்காதது அல்ல. யாரும் வாதாட வரவில்லை.

எங்கள் கூட்டத்தில் அடுத்த புத்தகத்துக்கான வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கிறது. ஆயிரம் பக்கக் கடல் பயண நாவல் ஒன்று, மெலிந்த ஜப்பானிய நாவல் ஒன்று. நண்பர் கடல் பக்கம், முதல் அத்தியாயத்திலேயே கப்பல் மூழ்குகிறதாம். நான் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. தணிக்கைக்காரர் இன்னும் வாக்களிக்கவில்லை. இரண்டு புத்தகத்தில் எதில் பணத்தைப் பற்றி அதிகம் வருகிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.